ராஜாவை நடுவில் விட்டு ஆடும் துணிச்சல்

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் வளைவுக்குள் பாய்கிற ஓட்டுநர், பிரேக்கை எங்கே மிதிப்பது என்பதை முன்பே பழகி வைத்திருப்பார். செஸ்ஸில் ‘கூர்மையான’ ஓப்பனிங் ஆடுவதும் அப்படித்தான். பார்ப்பவர்களுக்குத் துணிச்சல் தெரியும். அதற்கு முன் வீட்டில் நடந்த உழைப்பு தெரியாது.

2008 அக்டோபரில், ஜெர்மனியின் பான் நகரில், விளாதிமிர் கிராம்னிக்குக்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய உலக சாம்பியன் போட்டி இதற்கு நல்ல சாட்சி. மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் அவர் எடுத்தது ‘மெரான்’ என்ற ஓப்பனிங். இத்தாலியின் மெரானோ நகரில் 1924-இல் நடந்த போட்டியில் ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர்.

அவர்கள் ஆடிய பாதையில் பன்னிரண்டாவது நகர்த்தலுக்குள் ஒரு குதிரைக்கு ஒரு குதிரை போய்விடும். கறுப்பின் ராஜா பக்கத்துச் சிப்பாய் வரிசை உடைந்துவிடும். கோட்டை கட்டி ஒதுங்க நல்ல இடம் இருக்காது, ராஜா நடுவிலேயே நிற்க வேண்டியதுதான். பதிலுக்கு ‘ஜி’ வரிசை திறக்கிறது. அதன் மறுமுனையில் வெள்ளை ராஜா. பதினான்காவது நகர்த்தலில் ஆனந்த் மந்திரியை பி7 கட்டத்தில் வைத்து, ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்தார். இது அவருடைய குழுவின் தயாரிப்பு. அதில் நம் நாட்டுச் சூர்யசேகர கங்குலியும் இருந்தார். கிராம்னிக் பலகை முன் உட்கார்ந்து விடை தேட வேண்டியிருந்தது. தோற்றார்.

ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே பாதையில் மீண்டும் வந்தார். இந்த முறை பதினைந்தாவது நகர்த்தலிலேயே ஆனந்த் மாற்றி, யானையை நேராக ‘ஜி’ வரிசைக்குக் கொண்டுபோனார்.

என்னை இன்றும் சிலிர்க்க வைப்பது முடிவுதான். கிராம்னிக் 29-ஆவது நகர்த்தலில் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டினார். ராணிகள் இரண்டும் போயின. அவருடைய யானை பி7-இல் இருந்த கறுப்பு மந்திரியையும் எடுத்தது. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. ஆனந்தின் யானை சி1-இல் ‘செக்’ சொல்ல, வெள்ளை மந்திரி குறுக்கே வந்து அங்கேயே கட்டுண்டது. அடுத்து ஆனந்தின் குதிரை இ3-இல் குதித்தது. அதைச் சிப்பாயால் வெட்டினார் கிராம்னிக். பதிலுக்குக் கறுப்புச் சிப்பாய் இ3-க்கு வந்தது. அது ராணியாவதைத் தடுக்க இனி யாருமில்லை. இந்த இடத்தில் வீட்டுத் தயாரிப்பு துணைக்கு வராது, கண்ணால் பார்த்தாக வேண்டும்; கிராம்னிக் பார்க்கத் தவறியது அதைத்தான். 35-ஆவது நகர்த்தலோடு ஆட்டத்தை விட்டார். 6½–4½ என்ற கணக்கில் பட்டம் ஆனந்திடமே இருந்தது.