மாசம் 380 ரூபாய் டிவி பில்: அதுல நீங்க பாக்குற சேனலுக்கு எவ்வளவு?

போன மாசம் அரியலூர்ல மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கேபிளுக்கு மாசம் 380 ரூபாய் கட்டுறார். "எந்தெந்த சேனல் பாப்பீங்க மாமா?"ன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணினா, கட்டணச் சேனல் மூணுதான். மத்ததெல்லாம் இலவச நியூஸ் சேனலும் பாட்டு சேனலும்.

பில்லைப் பிரிச்சுப் பாருங்க

பில்லில் மூணு பகுதி உண்டு. ஒண்ணு, என்சிஎஃப் எனப்படும் நெட்வொர்க் கட்டணம். இது இணைப்புக்கான வாடகை மாதிரி. ரெண்டாவது, கட்டணச் சேனல்களின் விலை. மூணாவது, இந்த ரெண்டுக்கும் சேர்த்து 18% ஜிஎஸ்டி.

மாமாவுக்கு நான் போட்ட கணக்கு: என்சிஎஃப் 130 ரூபாய்னு வச்சுக்குவோம். மூணு சேனல் தலா 19, ஆக 57. மொத்தம் 187. ஜிஎஸ்டி 33.66. கட்ட வேண்டியது 220.66. வருஷத்துக்கு மிச்சம் சுமார் 1,912 ரூபாய்!

ஏன் 19?

ஒரு சேனலைப் பொக்கேயில் (தொகுப்பில்) சேர்க்கணும்னா அதன் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. 2020 ஜனவரியில் டிராய் இதை 12 ஆகக் குறைச்சது. ஒளிபரப்பு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2022 நவம்பரில் மறுபடியும் 19 ஆச்சு. பொக்கேக்கு 45% வரை தள்ளுபடியும் தரலாம். அதனால, உங்க சேனல்கள் ஒரே நிறுவனத்தோடதுன்னா பொக்கே லாபமா இருக்கலாம். வேற வேற நிறுவனம்னா பெரும்பாலும் தனித்தனியா எடுக்குறதுதான் லாபம்.

இப்போ ஏன் உஷாரா இருக்கணும்?

2019-ல் புது முறை வந்தப்போ என்சிஎஃப்புக்கு 130 ரூபாய்னு உச்சவரம்பு இருந்துச்சு. 2024 ஜூலையில் டிராய் அதை எடுத்துடுச்சு. இனி விலையைக் கட்டுப்படுத்த வேண்டியது போட்டிதான்.

போட்டி என்ன செய்யும்னு நாம பார்த்திருக்கோம். 2011 செப்டம்பர் 2-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி 100 ரூபாய்க்கு மேல கட்டின வீடுகள் நிறைய. இன்னிக்குப் பெரம்பலூர், அரியலூர்ல அரசு கேபிள், தனியார் கேபிள், டிடிஎச், மாசக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்னு வழிகள் இருக்கு. ஃப்ரீ டிஷ்ல பெரிய தமிழ் கட்டணச் சேனல்கள் வராது, அதையும் யோசிச்சுக்கோங்க.

இந்த மாசம் செய்ய வேண்டியது:

1. வீட்டில் ஒவ்வொருத்தரும் உண்மையிலேயே பாக்குற கட்டணச் சேனல்களை எழுதுங்க.
2. என்சிஎஃப் எவ்வளவு, சேனல் விலை எவ்வளவுன்னு பிரிச்சுப் போட்ட பில்லைக் கேளுங்க.
3. ரெண்டாவது டிவி இருந்தா, அதுக்கு என்சிஎஃப்ல குறைப்பு உண்டான்னு கேளுங்க.
4. இன்னொரு நிறுவனத்தோட விலையையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க.

மாமா முதல்ல தயங்கினார். "நம்ம தெருப் பையன், மழையில வந்து ஒயர் மாட்டிக் குடுக்குறவன். அவன்கிட்ட எப்படிப்பா கேக்குறது?" நியாயமான தயக்கம்தான். ஆனா கணக்கு கேக்குறது சண்டை இல்லையே! கேட்டோம். அந்தத் தம்பி பத்து நிமிஷத்துல மாத்திக் குடுத்தார். அவரே சொன்னார்: "யாருமே கேக்குறதில்ல சார்."

நீங்க கேளுங்க. உங்க பில் எவ்வளவு குறைஞ்சுதுன்னு எனக்கும் சொல்லுங்க.