பிரெஞ்சு மொழியினரும் ஆங்கில ஒழுங்கற்ற வினைகளும்: நான்காவது நிரலின் சிக்கல்

முன்னுரை

பிரான்சில் ஆங்கிலம் பயிலும் பள்ளி மாணவர்க்கு நன்கு அறிமுகமான பட்டியல் ஒன்று உண்டு. வினையடி, இறந்தகால வடிவம், இறந்தகால எச்ச வடிவம், பிரெஞ்சுப் பொருள் என்னும் நான்கு நிரல்களாக அது அமையும். முதல் மூன்றும் மனப்பாடத்திற்கு உரியவை. நான்காவது அதற்குத் துணையாக நிற்பது. பட்டியலைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரே வாக்கியம் அமைக்கும்போது தவறுவது ஆசிரியர்கள் அறிந்ததே. அத்தவறு பல வேளைகளில் நினைவாற்றலின் குறையால் விளைவதன்று; எவ்வடிவம் எப்பொருளைத் தாங்குகிறது என்பதில் இரு மொழிகளும் வேறுபடுவதால் விளைவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜெர்மானிய வேரும் பிரெஞ்சுக் கடனும்

ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற வினைகள் ஏறத்தாழ 180 என்பர். 'பி', 'ஹேவ்', 'டூ', 'சே', 'கோ', 'டேக்', 'கெட்' முதலிய மிகுவழக்கு வினைகள் இவற்றுள் அடங்கும். இவற்றுட் பல, வேரின் உயிரொலி மாறுவதால் காலம் காட்டும் பழைய ஜெர்மானிய முறையின் எச்சங்கள். அவ்வாறு மாறுவனவற்றை 'வலிய வினை' என்றும், விகுதி ஏற்பனவற்றை 'மெலிய வினை' என்றும் யாக்கோப் கிரிம் வகைப்படுத்தினார்.

1066ஆம் ஆண்டு நார்மானியப் படையெடுப்புக்குப் பின் ஆங்கிலத்தில் புகுந்த பிரெஞ்சு வினைகளோ பெரும்பாலும் ஒழுங்கானவை. 'ஃபினிஷ்', 'அரைவ்', 'கன்டினியூ' போன்றவற்றைப் பிரெஞ்சு மாணவர் எளிதில் இனங்காண்பர். ஆகவே தமக்குப் பழக்கமான சொல் இருக்குமிடத்தில் அவர்க்கு இடர்ப்பாடு இல்லை. அன்றாட ஆங்கிலம் இயங்கும் இடத்திலோ பற்றிக்கொள்ளத் தாய்மொழிச் சொல் இல்லை.

விதிவிலக்குகள் சில உண்டு, அவை சுவையானவை. 'கேட்ச்' என்னும் வினை வடபிரெஞ்சு வழக்கிலிருந்து வந்தது. அதே மூலத்தின் நடுப்பிரெஞ்சு வடிவமே 'சேஸ்' ஆயிற்று. பின்னது ஒழுங்கான வினை. முன்னதோ 'காட்' என இறந்தகாலம் பெறுகிறது. பொருளால் நெருங்கிய பழைய ஆங்கில வினையொன்றைப் பின்பற்றி அது அவ்வாறு மாறியது என்று சொற்பிறப்பியலார் விளக்குவர். 'ஹர்ட்' என்பதும் பிரெஞ்சிலிருந்து வந்ததே. மூன்று நிரலிலும் வடிவம் மாறாத அவ்வினை காயப்படுத்துதலைக் குறிக்க, இன்றைய பிரெஞ்சின் 'எர்த்தே' மோதுதலைக் குறிக்கிறது. உறவுச்சொல்லும் இங்கு முழுநம்பிக்கைக்கு உரியதன்று.

இரண்டாம் நிரலா, மூன்றாம் நிரலா?

பிரெஞ்சுப் பேச்சில் கடந்த நிகழ்ச்சியைக் கூறப் பயன்படுவது 'பாஸே கோம்போஸே' எனப்படும் கூட்டு இறந்தகாலம். 'உடைமை' என்னும் பொருளுடைய 'அவ்வார்' துணைவினையாக நிற்க, எச்ச வடிவம் அதனைத் தொடரும். 'நான் பார்த்தேன்' என்பதற்கு 'ஜே வ்யூ' என்பர். இதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வைத்தால் 'ஐ ஹேவ் சீன்' என அமையும். கட்டமைப்பால் இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள், பொருளால் அல்ல. ஆங்கில வடிவம் கடந்த செயலை நிகழ்காலத்தோடு இணைக்கிறது. 'நேற்று' என்று காலம் வரையறுக்கப்பட்டால் அது பொதுவாக நிற்பதில்லை. பிரெஞ்சு வடிவமோ 'நேற்று' என்பதோடு இயல்பாகச் சேரும். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று எழுதும் மாணவர் 'ஸீ – ஸா – ஸீன்' என்பதை மறந்தவர் அல்லர். மூன்றையும் அறிந்தே, தம் மொழி காட்டிய வழியில் மூன்றாவதைத் தேர்ந்தவர்.

ஆங்கிலத்தின் 'ஸா'வைப் போல் ஒரே சொல்லாய் நிற்கும் இறந்தகாலம் பிரெஞ்சிலும் உண்டு. 'பாஸே ஸாம்ப்ல்' என்னும் அது இன்று பெரிதும் எழுத்து வழக்குக்கே உரியது. இவ்விரு காலங்களும் வரலாற்றுக் கூற்று, உரையாடற் கூற்று என்னும் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என எமில் பென்வெனிஸ்த் 1959இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். அதனால் ஆங்கிலத்தின் இரண்டாம் நிரல் பிரெஞ்சு மாணவர்க்கு வடிவத்தால் ஏட்டு வழக்கை நினைவூட்டுகிறது. பயனாலோ அது தெருவிலும் வீட்டிலும் பேசும் மொழி.

துணைவினைத் தேர்விலும் இத்தகைய பிறழ்ச்சி நேரும். 'போ', 'வா' போன்ற வினைகளுக்குப் பிரெஞ்சு 'இரு' என்னும் பொருளுடைய 'எத்ர்' துணைவினையைக் கொள்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இவ்வழக்கு இருந்தது. இன்று பெரிதும் மறைந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரிவது, செவிக்குத் தெரியாதது

'சிங் – சாங் – சங்', 'ட்ரிங்க் – ட்ராங்க் – ட்ரங்க்' போன்றவற்றில் இரண்டாம், மூன்றாம் நிரல்களின் உயிரொலிகளுக்கு நேரான ஒலிகள் பிரெஞ்சில் இல்லை. எழுத்தில் தெளிவாயிருக்கும் வேறுபாடு செவியில் மங்கிவிடுகிறது. (தமிழ் எழுத்தாலும் அதனைச் சரியாகக் காட்ட இயலாது என்பதற்கு மேலுள்ள எழுத்துப்பெயர்ப்பே சான்று.)

தன்வினையும் பிறவினையும்

நான்காவது நிரலின் குறை சில இணைகளில் மிகத் தெளிவாக வெளிப்படும். 'ஃபால்' என்பது வீழ்; 'ஃபெல்' என்பது வீழ்த்து. 'ரைஸ்' என்பது எழு. 'ரெய்ஸ்' என்பது எழுப்பு. 'லை' என்பது கிட. 'லே' என்பது கிடத்து. தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை அறிந்த தமிழ் வாசகர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. இவற்றுள் தன்வினைகள் உயிரொலி மாறி இறந்தகாலம் காட்டும். பிறவினைகள் விகுதி பெறும். பிரெஞ்சிலோ 'எழு' என்பதற்கு 'ஸ லவே', 'எழுப்பு' என்பதற்கு 'லவே'. தற்சுட்டுப் பெயரொன்றே வேறுபாடு. 'விழச்செய்' என்பதற்கு 'ஃபேர்' என்னும் வினை முன்னிற்கும். வேரின் உயிரொலியே பொருளை மாற்றும் என்று பிரெஞ்சு மாணவர் எதிர்பார்ப்பதில்லை.

போதாக்குறைக்கு, 'லை' என்பதன் இறந்தகாலம் 'லே'; அதுவே கிடத்துதலைக் குறிக்கும் வினையின் அடியும் ஆகும். 'ஃபால்' என்பதன் இறந்தகாலம் 'ஃபெல்'. அதுவே வீழ்த்துதலின் அடி. பொய்கூறுதலைக் குறிக்கும் மற்றொரு 'லை' ஒழுங்கானது. பட்டியலில் இவை வெவ்வேறு வரிசைகளில் சிதறிக் கிடப்பதால் மாணவர் மோதலை உணர்வதற்கே வாய்ப்பில்லை. மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஒவ்வொன்றையும் எழுவாய், செயப்படுபொருளோடு வாக்கியமாகத் தருவதே பொருத்தமான முறை.

'லீவ் – லெஃப்ட்' என்பதும் இத்தகையதே. இடத்தையோ ஆளையோ விட்டு அகல்வது 'கித்தே', புறப்படுவது 'பார்த்தீர்', ஒன்றை விட்டுவைப்பது 'லெஸ்ஸே'. எஞ்சியிருப்பதைக் கூறும் 'லெஃப்ட்' என்பதற்கோ 'ரெஸ்தே' என்னும் வேறொரு வினையே வேண்டும். பட்டியலின் நான்காவது நிரலில் பெரும்பாலும் இவற்றுள் ஒன்று மட்டுமே அச்சாகிறது. எஞ்சியவற்றை மாணவர் தம் பிழைகளின் வழியே கற்றுக்கொள்கின்றனர்.