தவணைக்கு அப்பால் ஒரு பயணக் கணக்கு

குடிபாலா மண்டலத்திலிருந்து வேலைக்கும் கல்லூரிக்கும் வடக்கே சித்தூருக்குச் செல்வோர் உண்டு. மருத்துவத்திற்காக மாநில எல்லையைக் கடந்து தெற்கே வேலூருக்குச் செல்வோரும் உண்டு. இருசக்கர வாகனக் கடன் கேட்டு வருவோரிடம், போக்குவரத்துக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று நாம் கேட்பதுண்டு. பெரும்பாலும் ஒரு புன்னகையே விடையாகக் கிடைக்கும். பாலுக்கும் மளிகைக்கும் கணக்கு எழுதும் வீடுகளிலும் பயணத்திற்குத் தனிப் பக்கம் இருப்பதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய். அதில் போக்குவரத்தின் பங்கு 7.59 விழுக்காடு, ஏறத்தாழ 313 ரூபாய். அரிசி, கேழ்வரகு முதலிய தானியங்களுக்கோ 4.99 விழுக்காடுதான். விலையில்லா ரேஷன் அரிசியின் மதிப்பு இதில் சேரவில்லை என்பது மெய்யே. ஆயினும் 2011-12இல் தானியங்களின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. போக்குவரத்தின் பங்கு 4.20 விழுக்காடாக இருந்தது. வாகனத்தின் விலை இப்போக்குவரத்துச் செலவில் அடங்காது. அது நீடித்துழைக்கும் பொருள்களின் கணக்கில் வருகிறது.

கடன் கேட்பவர் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள்கள் ஓட்டினால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 20 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் 110 ரூபாய் எனக் கொண்டால் 2,200 ரூபாய். தவணை 2,800 ரூபாய் என்றால், வண்டிக்கு மாதம் 5,000 ரூபாய் வேண்டும். எண்ணெய் மாற்றுவதும் டயரும் இதற்கு மேல். புதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுகளுக்கு ஒருசேர எடுக்கப்படுகிறது. சொந்தச் சேதக் காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். தவணை தவறுவது பலருக்கும் இத்தகைய செலவுகள் வரும் மாதத்தில்தான் என்பது எம் அனுபவம்.

2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசின் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் முதலிய பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. சித்தூர் சென்று வரும் பெண்ணின் பயணச்சீட்டுப் பணம் இதனால் வீட்டிலேயே தங்குகிறது. மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளுக்கு இச்சலுகை இல்லையாதலால், வேலூர்ப் பயணத்திற்குக் கட்டணம் உண்டு. நோயாளியுடன் துணைக்குச் செல்பவரின் கட்டணத்தையும், அவர் இழக்கும் ஒரு நாள் கூலியையும் கூட்டிப் பார்த்தால்தான் முழுச் செலவு தெரியும்.

கடன் விண்ணப்பத்திற்கு முன், ஒரு மாதம் மட்டும் பயணச் செலவை நாள்தோறும் குறித்து வாருங்கள். அந்தத் தாளையும் ஊதியச் சான்றுடன் எடுத்து வந்தால், தவணைத் தொகையையும் காலத்தையும் அதற்கேற்ப அமைப்பது குறித்து நாம் சேர்ந்தே பார்க்கலாம்.