மீக்கணினியும் மென்பொருட் கொள்கலனும்

அறிவியல் உண்மையைக் காண வழி இரண்டு என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. சிந்தித்துக் கோட்பாடு அமைப்பது ஒரு வழி; ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்ப்பது மற்றொரு வழி. ஆயினும் எல்லாவற்றையும் சோதனைக் குழாயில் இட்டுப் பார்த்துவிட முடியாது. நாளை வீசப்போகும் புயலை இன்றே கொண்டுவந்து நிறுத்தி அளக்க இயலுமா? விண்மீன் வெடிப்பதை அருகில் நின்று காண இயலுமா? இத்தகைய பொருள்களை ஆராய்வதற்கு மூன்றாவது வழி ஒன்று இருபதாம் நூற்றாண்டில் உருவாயிற்று. இயற்கையின் விதிகளைக் கணக்குகளாக எழுதி, அக்கணக்குகளைப் பொறியினால் போட்டு, இயற்கை நடப்பது போலவே நடத்திப் பார்ப்பது அவ்வழி. இதனைப் பாவனைக் கணிப்பு எனலாம். இதற்குக் கருவியாய் நிற்பது மீக்கணினி. அக்கருவி தரும் விடை எங்கும் ஒன்றாகவே இருக்குமா என்னும் கேள்வி எழுந்தபோது ஆய்வாளர் கைக்கொண்ட துணை, மென்பொருட் கொள்கலன். இவ்விரண்டின் இயல்பும் ஈண்டு விளக்கப்பெறும்.

ஆறு வாரக் கணக்கு

முதல் உலகப் போரின்போது பிரான்சுப் போர்முனையில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டிப் படையில் பணிபுரிந்தவர் லூயிசு ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர். அவர் ஓய்வு கிடைத்த வேளைகளில் ஒரு கணக்கைப் போட்டார். 1910 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாளின் வானிலை அளவுகளை எடுத்துக்கொண்டு, அன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வாறு மாறியிருக்க வேண்டும் என்று கையாலேயே கணித்தார். ஆறு மணி நேரத்து வானிலையைக் கணிக்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. வந்த விடையோ, அழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்றது. உண்மையில் அன்று அழுத்தம் மாறவே இல்லை என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தது.

ரிச்சர்ட்சன் இத்தோல்வியை மறைக்கவில்லை. 1922 இல் தாம் வெளியிட்ட நூலில் கணக்கையும் தவற்றையும் அப்படியே அச்சிட்டார். அந்நூலிலேயே ஒரு கற்பனையும் கூறினார். ஒரு பெரிய அரங்கில் 64,000 பேர் அமர்ந்திருக்க வேண்டும். உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய கணக்கை ஒவ்வொரு குழு போட வேண்டும். நடுவே ஒருவர் நின்று, இசைக்குழுவை நடத்துவார்போல், அனைவரையும் ஒரே வேகத்தில் நடத்த வேண்டும் என்பது அக்கற்பனை. இன்றைய மீக்கணினியின் அமைப்பு ஏறக்குறைய அதுவே என்றால் அது மிகையன்று.

1950 இல் அமெரிக்காவில் சார்னி, வான் நியூமன் முதலிய அறிஞர்கள் ‘எனியாக்’ என்னும் மின்கணினியைக் கொண்டு வானிலைக் கணிப்பு ஒன்றைச் செய்தனர். 24 மணி நேரத்து வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது. கணக்கு, காலத்தோடு ஒத்து ஓடத் தொடங்கிய நாள் அது.

பங்கிட்டுச் செய்யும் பணி

மீக்கணினி என்றவுடன் ஒரே பெரிய மூளையைப் பலர் நினைப்பர். அது சரியன்று. 1964 இல் சீமோர் கிரே அமைத்த ‘சி.டி.சி. 6600’ போன்ற பழைய பொறிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். இக்கால மீக்கணினியோ ஆயிரக்கணக்கான கணினிகளின் கூட்டம். அவை அலமாரிகளில் அடுக்கப்பட்டு, மிக விரைந்த இணைப்புகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் கணு என்று பெயர். அமெரிக்காவின் ஓக்ரிட்சு ஆய்வகத்தில் உள்ள ‘ஃபிராண்டியர்’ என்னும் மீக்கணினி 9,400க்கு மேற்பட்ட கணுக்களைக் கொண்டது.

இவை பணியைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி? பரந்த வயல்வெளி ஒன்றைப் பல உழவர்கள் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டதாகக் கொள்க. ஒவ்வொருவரும் தம் பாத்தியின் நீர்மட்டத்தைக் கணக்கிடுகின்றனர். ஆனால் நீர் வரப்பைக் கடந்து செல்லும். ஆகவே ஒருவர் அடுத்த கணக்கைப் போடுமுன், அண்டையிலுள்ளவரிடம், “உம் ஓரத்தில் நீர் எவ்வளவு?” என்று கேட்டறிதல் வேண்டும். ஒருவர் மறுமொழி கூறத் தாமதித்தால் மற்றவர் அனைவரும் காத்திருக்க நேரும். எனவே, மீக்கணினியின் ஆற்றல் கணக்கிடும் விரைவில் மட்டுமன்று, கணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விரைவிலும் இருக்கிறது.

இத்துணை விரைவு எதற்கு? வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கும்போது, கட்டத்தின் அளவை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாகக் குறைத்தால் கட்டங்கள் எட்டு மடங்காகும். கட்டம் சிறுத்தால் காலத்தின் அடியையும் பாதியாக்க வேண்டும். ஆகவே, வேலை பதினாறு மடங்காகும். படம் இரு மடங்கு தெளிவாவதற்கு உழைப்புப் பதினாறு மடங்கு!

2022 மே மாதத்தில் ஃபிராண்டியர், நொடிக்கு ஒன்றின் பின் பதினெட்டுச் சுழி இட்ட எண்ணிக்கைக்கும் மேலான கணக்குகளைச் செய்து காட்டியது. உலக மக்கள் எண்ணூறு கோடிப் பேரும் உண்ணாமல் உறங்காமல் நொடிக்கு ஒரு கணக்கு வீதம் போட்டாலும், அது ஒரு நொடியில் செய்வதைச் செய்து முடிக்க ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். 2024 நவம்பரில் ‘எல் கேப்பிட்டன்’ என்னும் மற்றோர் அமெரிக்கப் பொறி அதனையும் விஞ்சியது. சப்பானின் கோபே நகரிலுள்ள ‘ஃபுகாகு’ 2020 இல், இருமும்போதும் பேசும்போதும் வாயினின்று தெறிக்கும் நுண்துளிகள் எவ்வாறு பரவும் என்பதைக் கணித்துக் காட்டி, கொள்ளைநோய்க் காலத்தில் பயன்பட்டது. சிங்கப்பூரிலும் 2015 இல் தேசிய மீக்கணினி மையம் தொடங்கப்பெற்றது.

ஒரே நிரல், வெவ்வேறு விடை

இவ்வளவு விரைந்து கணக்கிடும் பொறி தவறாகக் கணக்கிட்டால் என் செய்வது? பொறி கூட்டலில் பிழை செய்வது அரிது. பிழை வேறொரு வாயிலாக நுழைகிறது.

2019 இல் அவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீலப்பச்சைப் பாசி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதற்கு 2014 இல் வெளியான நிரல் ஒன்றைப் பயன்படுத்தினர். வேதியியலார் பலரும் கையாண்டுவந்த நிரல் அது. அதே நிரல், அதே தரவு. ஆயினும் கணினியின் இயங்குதளம் மாறியபோது விடையும் மாறியது. ஓர் அளவு, விண்டோசு கணினியில் 173.2 என்றும், உபுண்டு கணினியில் 172.4 என்றும் வந்தது.

காரணம் யாது? அந்நிரல் பல கோப்புகளைத் திறந்து படிக்க வேண்டியிருந்தது. அவை ஒரு குறித்த வரிசையில் வந்து சேரும் என்று நம்பியே அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் கோப்புகளை எந்த வரிசையில் எடுத்துக் கொடுப்பது என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடும். நிரலில் வரிசைப்படுத்துக என்னும் கட்டளை இல்லை. ஏடுகள் முன்பின்னாக மாறிய சுவடியைப் படித்துப் பொருள் கூறியது போலாயிற்று. எண்ணில் வேறுபாடு சிறிதே; ஆனால் ஒரு பொருளின் மூலக்கூறு இன்னது என்று முடிவு கட்டுவது அத்தகைய சிறு எண்களைக் கொண்டே.

இஃது ஒரு தனி நிகழ்ச்சியன்று. 2012 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூளையின் படங்களிலிருந்து அதன் பகுதிகளை அளக்கும் மென்பொருள் ஒன்றைச் சோதித்தனர். ஒரே படங்களை அம்மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகள் அளந்தபோது, பகுதிகளின் கன அளவு சராசரி 8.8 விழுக்காடு வேறுபட்டது. கணினியின் வகை மாறியபோதும், இயங்குதளத்தின் பதிப்பு மாறியபோதும்கூட அளவுகள் வேறுபட்டன. நோயினால் மூளை சுருங்கியதா, மென்பொருள் மாறியதால் சுருங்கியதாகத் தோன்றியதா என்று ஐயுறும் நிலை இது.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. ஒரே பாட்டு ஏட்டுக்கு ஏடு பாடம் மாறி வருவதையும், ஓர் எழுத்து மாறினும் பொருள் மாறுவதையும் அவர்கள் அறிவர். எப்பாடத்தைக் கொண்டு உரை எழுதப்பட்டது என்பதைப் பதிப்பாசிரியர் குறித்து வைக்காவிட்டால், பின் வருவோர் அவ்வுரையைச் சரிபார்க்க வழியில்லை. அறிவியலில் எழுந்துள்ள சிக்கலும் அதுவே.

துறைமுகம் தந்த பெயர்

கொள்கலன் என்னும் பெயர் கப்பல் வணிகத்திலிருந்து வந்தது. முன்னாளில் மூட்டை, பெட்டி, பீப்பாய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தூக்கி இறக்கினர். 1956 இல் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், 58 அலுமினியப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நூவார்க்கிலிருந்து ஊசுடனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் இருப்பது தேயிலையோ துணியோ, பாரந்தூக்கிக்கு அது பற்றிக் கவலையில்லை; பெட்டியின் புற அளவு ஒன்றாயிருந்தால் போதும். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் முனையம் 1972 இல் இத்தகைய கப்பலை முதன்முதலாக வரவேற்றது.

மென்பொருட் கொள்கலனும் அவ்வாறே. ஒரு நிரல் தனித்து இயங்குவதில்லை. பிறர் எழுதிய துணை நிரல்கள் பலவற்றை அது சார்ந்து நிற்கும். அவற்றின் பதிப்பு இடத்துக்கு இடம் மாறும். ஆகவே நிரலையும், அதற்கு வேண்டிய துணை நிரல்களையும், அமைப்புக் குறிப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, பொதியோடு எடுத்துச் செல்வதே கொள்கலன் முறை. எந்தக் கணினியில் இறக்கினாலும் உள்ளே இருப்பது மாறாது. ஒரு கணினிக்குள் மற்றொரு முழுக் கணினியைப் பாவனையாக நிறுவும் முறை வேறு. அது சுமை மிக்கது. கொள்கலன் இருக்கும் கணினியின் இயங்குதள உட்கருவையே பயன்படுத்திக்கொள்வதால் விரைவு குன்றுவதில்லை.

இக்கருத்தின் வேர் 1979 இல் யூனிக்சு இயங்குதளத்தில் தோன்றிய ஒரு கட்டளையிலேயே உண்டு. 2013 இல் வெளிவந்த ‘டாக்கர்’ என்னும் மென்பொருள் அதனை உலகெங்கும் பரப்பியது.

பொதுமனையும் தலைமைச் சாவியும்

ஆயினும் டாக்கரை மீக்கணினி மையங்கள் எளிதில் ஏற்கவில்லை. அக்காலத்து டாக்கர், கணினியின் தலைமை அதிகாரத்தோடு இயங்கியது. அதனைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர் அத்தலைமை அதிகாரத்தையே பெற்றவர் போலாவார். ஒருவருக்கே உரிய கணினியில் இதனால் தீங்கில்லை. மீக்கணினியோ நூற்றுக்கணக்கான ஆய்வாளர் ஒருங்கே வாழும் பொதுமனை. அங்குக் குடியிருப்பார் ஒவ்வொருவர் கையிலும் எல்லா அறைகளுக்கும் உரிய சாவியைக் கொடுக்கலாமா?

இக்குறையை நீக்க, அமெரிக்காவின் லாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்தில் கிரிகரி குர்ட்சர் ‘சிங்குலாரிட்டி’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். 2016 இல் அது வெளியாயிற்று. இதில் கொள்கலனுக்கு வெளியே ஒருவர்க்கு என்ன அதிகாரமோ, உள்ளேயும் அதுவே, கூடுவதில்லை. கொள்கலன் முழுவதும் ஒரே கோப்பாக அமைவதால் அதனைப் படியெடுப்பதும் பாதுகாப்பதும் எளிது. 2021 இல் இம்முயற்சி லினக்சு அறக்கட்டளையில் சேர்ந்து ‘ஆப்டெய்னர்’ என்று பெயர் பெற்றது. ஓர் ஆய்வாளர் தம் மேசைக் கணினியில் கொள்கலனைக் கட்டிச் சோதித்து, பின்னர் அதனையே மீக்கணினிக்கு அனுப்ப இன்று முடிகிறது.

கொள்கலனால் ஆகாதவை

எனினும் கொள்கலன் எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஒருவகைச் செயலிக்கெனக் கட்டிய கொள்கலன் வேறுவகைச் செயலியில் அப்படியே இயங்காது. கணுக்களை இணைக்கும் கம்பியமைப்புக்கும் சிறப்புச் செயலிகளுக்கும் ஏற்ற இயக்கிகள் மையத்துக்கு மையம் வேறுபடும். அவற்றோடு கொள்கலன் ஒத்துப்போதல் வேண்டும். மேலும், பின்ன எண்களைப் பொறி குறித்த இலக்கங்களோடு நிறுத்திவிடுவதால், பல்லாயிரம் கணுக்களின் விடைகளைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் சிறிது மாறக்கூடும்.

எல்லாவற்றினும் முதன்மையானது வேறொன்று. கொள்கலன் விடையை மாறாமல் காக்குமேயன்றி, விடை சரியா என்று பார்க்காது. மேற்கூறிய வேதியியல் நிரலை ஒரு கொள்கலனில் இட்டு உலகெங்கும் அனுப்பியிருந்தால், எல்லா இடத்தும் ஒரே விடை வந்திருக்கும். அது பிழையான விடையாகவும் இருந்திருக்கலாம். வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு விடை வந்ததனாலன்றோ குறை வெளிப்பட்டது? ஆகவே கொள்கலனைக் கொண்டு ஒரு முடிவை மறுபடி பெற்றுப் பார்ப்பதும் வேண்டும். கொள்கலனை விட்டு வேறு வழியில் கணித்துப் பார்ப்பதும் வேண்டும். முன்னது நேர்மைக்குச் சான்று. பின்னது உண்மைக்குச் சான்று.

நூறாண்டுக்கு முன் ரிச்சர்ட்சன் தம் கணக்கின் ஒவ்வோர் அடியையும் பிழையோடு அச்சிட்டு வைத்தார். அதனாலேயே பின் வந்த அறிஞர் அக்கணக்கை மறுபடியும் போட்டு, பிழை அவர் முறையில் இல்லை, எடுத்துக்கொண்ட தொடக்க அளவுகள் தம்முள் இசையாமையே காரணம் என்று கண்டனர். அவ்வளவுகளைச் சமன்செய்தபோது அதே முறை நல்ல விடை தந்தது. தோல்வி என்று எண்ணப்பட்ட கணக்கு, இன்றைய வானிலைக் கணிப்புக்கு வழிகாட்டியாயிற்று. கணக்கை வழியோடு எழுதுக என்று வகுப்பறையில் ஆசிரியர் கூறும் பழைய அறிவுரையைத்தான் மீக்கணினியின் காலத்தில் கொள்கலன் வேறொரு முறையில் நிறைவேற்றி வருகிறது.