மாத்திரை கொண்டுவரும் அக்கா யாருடைய ஊழியர்?

வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் பெண் அரசு ஊழியரா, அவருக்குக் காசு தர வேண்டுமா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை அவர் பார்த்துக்கொள்வாரா? மீஞ்சூர் பக்கமிருந்து வரும் கடிதங்களில் இந்தக் குழப்பம்தான் அதிகம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அவரை அனுப்புவது தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். அது 2021 ஆகஸ்டில் தொடங்கியதும் 2024இல் ஐ.நா. விருது வாங்கியதும் தெரிந்த கதை. அதைத் தூக்கி நிறுத்துபவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். அதாவது, தெருத்தெருவாக நடந்து, கையில் பட்டை சுற்றி, விரலில் ஊசி குத்தி, அளவைப் பதிந்து, மாத்திரை கொடுத்து, அடுத்த மாதமும் வருபவர்கள். ஆனால் அரசின் கணக்கில் ‘வேலை’ பார்க்காதவர்கள்.

சூட்சுமம் இங்கேதான். ஆளெடுப்பு சுய உதவிக் குழுக்களிலிருந்து, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வழியாக. கைக்கு வருவது ஊக்கத்தொகை: முதலில் மாதம் 4,500 ரூபாய், பிறகு 5,500. சம்பளம் அல்ல என்று ஆனபின் பி.எப்., குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை.

உள்ளூர்க்காரியாகப் பார்த்து எடுப்பதில் அரசுக்கு இன்னொரு லாபம். பிள்ளைகள் ஷிப்டுக்குப் போய்விட்ட, மீஞ்சூர் அருகே அத்திப்பட்டு வீட்டில், டாக்டர் சொல்லியும் கேட்காத தாத்தா, தெரு முனை மருமகள் சொன்னால் மாத்திரையை விழுங்கிவிடுவார். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பலர் ‘பிடிச்சிருக்கு’ என்பதற்குக் காரணம் அந்த நெருக்கம். பொய்யில்லை. அதே காரணத்தால்தான் ராத்திரி ஒன்பது மணிக்கும் கதவு தட்டப்படுகிறது: “அக்கா, அம்மாவுக்குத் தலை சுத்துதாம், கொஞ்சம் வந்து பாருங்க.” பக்கத்து வீட்டுக்காரியால் முடியாது என்று சொல்ல முடியுமா? அந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மனநிறைவைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் ஏற்பாடு என்றே இதைச் சொல்வேன்.

இப்படி அரசுத் திட்டங்களில் ஊக்கத்தொகைக்கோ மதிப்பூதியத்துக்கோ உழைக்கும் ‘திட்டப் பணியாளர்களை’த் தொழிலாளர்களாக ஏற்கும்படி 2013லேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. மதிப்பூதியம் வாங்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னார்வலர்கள் அந்த வழக்கில் இல்லை.

இனிக் கடிதக் கேள்விகளுக்கு. காசு தர வேண்டுமா? வேண்டாம்.

படுக்கையில் இருப்பவருக்கு? அதற்கு இதே திட்டத்தில் தனி நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு, வட்டாரத்துக்கு ஒருவர் வீதம். மீஞ்சூர் வட்டாரம் பழவேற்காடு வரை நீள்கிறது; காத்திருக்க நேரலாம்.

ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்தால்? நீங்கள் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

ராத்திரி அவசரம்? 108க்கு அடியுங்கள். அக்காவைத் தூங்க விடுங்கள்.