வளைந்த அளவுகோல்

வீரர்களின் வேலைநிறுத்தத்தால் 1994-இல் உலகத் தொடரே ரத்தானபோது, அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் பலர் மனம் வெறுத்து விலகினர். அவர்களை மீண்டும் அரங்குக்கு ஈர்த்தது 1998-ஆம் ஆண்டின் ஹோம் ரன் போட்டி. ஒரே பருவத்தில் 61 என்ற 37 ஆண்டுகாலச் சாதனையை மார்க் மெக்வயர் (70), சாமி சோசா (66) இருவருமே முறியடித்தனர்.

ஸ்டீராய்டுக்கு 1991-இலேயே தடை இருந்தது. ஆனால் 2003 வரை பரிசோதனை இல்லை. வீரர் சங்கம் அதை எதிர்த்தது. வருவாய் பெருகியதால் நிர்வாகமும் வற்புறுத்தவில்லை. 2007-இல் மிட்செல் அறிக்கை 80-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை வெளியிட்டது. 1998-இலும் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2010-இல் மெக்வயர் ஒப்புக்கொண்டார்.

பேஸ்பால் எண்களின் விளையாட்டு. தந்தை கண்ட வீரரையும் மகன் காணும் வீரரையும் ஒப்பிட உதவுபவை அந்த எண்களே. அந்த அளவுகோல் வளைந்ததுதான் ரசிகர்களின் முதல் இழப்பு.

இரண்டாவது இழப்பு, நீதியின் மீதான நம்பிக்கை. மெக்வயருக்குப் புகழரங்கில் இடமில்லை. அக்காலத்தில் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கிய ஆணையர் பட் சீலிக்கோ 2017-இல் அங்கே கௌரவிக்கப்பட்டார். தவறிழைத்தவர் தண்டனை பெறலாம். கண்டும் காணாமல் இருந்தவருக்கு மாலை விழும்போது ரசிகர் எதை நம்புவார்?