கையளவு கீபோர்டும் கண்ணாடித் திரையும்

ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் ஏறிக் கடலைக் கடந்தால் பட்டர்வொர்த் நகரம். அந்நகரின் ஒரு பகுதியே பாகான் டாலாம். அங்கே நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். பகலில் பிறையில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை. விடுமுறை நாட்களில் உறுமி மேளக் குழுவில் உறுமி அடிப்பவர். வீட்டில் ஒரு ஐபேட் இருக்கிறது. அதைக் கொண்டு சொந்தமாகப் பாட்டு அமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஓவர்டைம் செய்த காசில் நானூறு வெள்ளி சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் நம்மிடம் வந்து, "அண்ணே, சின்ன மிடி கீபோர்டு ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். இருபத்தைந்து கட்டை போதுமா, முப்பத்தேழு வேண்டுமா? எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டார்.

இப்படிக் கேட்பவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். ஆனால் கட்டைகளின் எண்ணிக்கையும் கம்பெனியின் பெயரும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. நம் இசையில் எந்தப் பகுதியை இந்தக் கீபோர்டிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்பதே முதற்கேள்வி. அதைத் தெளிவாக்காமல் கடைக்குப் போகிறவர், மூன்று மாதத்தில் அதை அலமாரியின் மேல் ஏற்றி வைத்து விடுவார். நானூறு வெள்ளி சேர்ப்பது எத்தனை இரவு வேலை என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய செய்தி அன்று.

மிடி கீபோர்டுக்குள் ஒலி என்பதே கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகளை மட்டும் அது டேப்லெட்டுக்கு எண்களாக அனுப்புகிறது. வீணையாகவோ வயலினாகவோ ஒலிப்பது டேப்லெட்டில் உள்ள செயலி. வெவ்வேறு கம்பெனிகளின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-இல் இந்தப் பொது மொழி நடைமுறைக்கு வந்தது. அதற்கு வழிகோலிய ஜப்பானியரான இக்குதாரோ காக்கேஹாஷிக்கும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்துக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. ஆகவே இருநூறு வெள்ளிக் கீபோர்டில் வாசித்தாலும் இரண்டாயிரம் வெள்ளிக் கீபோர்டில் வாசித்தாலும், ஒரே செயலியிலிருந்து வரும் நாதம் ஒன்றுதான். விலை கூடும்போது நமக்குக் கிடைப்பது விரலின் நுட்பத்தை வாங்கிக் கொள்ளும் திறனே.

இனி, கட்டைக் கணக்கைப் பார்ப்போம். இருபத்தைந்து கட்டை என்பது இரண்டு ஸ்தாயி. சிறியது என்று தோன்றலாம். ஆனால் நம் பாடகர்கள் பெரும்பாலும் மந்த்ர பஞ்சமத்துக்கும் தார பஞ்சமத்துக்கும் இடையிலேயே பாடுகிறார்கள். அதுவும் இரண்டு ஸ்தாயிதானே? நான்கு கட்டை சுருதியில் பாடுகிறவர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். மேல்நாட்டார் 'எஃப்' என்று சொல்லும் கட்டை அவருக்கு ஷட்ஜம். அப்போது 'சி' என்னும் கட்டை பஞ்சமமாகி விடுகிறது. சிறிய கீபோர்டுகள் 'சி'-யில் தொடங்கி 'சி'-யில் முடிவன. எனவே இடக்கோடியில் மந்த்ர பஞ்சமம், வலக்கோடியில் தார பஞ்சமம் என்று, அளந்து செய்தாற்போல் அமைந்து விடுகிறது! வேறு சுருதிக்காரர்களுக்கும் கவலை இல்லை. சுருதியை நகர்த்தும் பொத்தான் இவ்வகைக் கீபோர்டுகளில் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிடினும் செயலியிலேயே மாற்றிக் கொள்ளலாம். இரண்டு கைகளாலும் பியானோ பயில விரும்புவோருக்குத்தான் இருபத்தைந்து போதாது. அவர்கள் முழு அளவுக் கட்டைகள் உள்ள பெரிய கீபோர்டையே தேட வேண்டும். டேப்லெட்டோடு பைக்குள் வைக்கும் கருவி அவர்களுக்கு உரியதன்று.

இவ்வளவும் எளிய பகுதி. சிக்கல் கமகத்தில் இருக்கிறது. கட்டைகளை உடைய எந்தக் கருவியும் சுரத்துக்குச் சுரம் தாவிச் செல்லுமே தவிர, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லாது. இது புதிய வழக்கும் அன்று. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையத்துக்குள் வரக்கூடாது என்று விலக்கி வைத்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது, அதன் கட்டைகள் கமகத்துக்கு இடம் தரவில்லை என்பதே. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. அன்று ஆர்மோனியத்தின் மீது சொல்லப்பட்ட அதே குறை, இன்று கையளவு மிடி கீபோர்டுக்கும் பொருந்தும்.

இதற்கு மாற்றாகச் சுருதியை வளைக்கும் உறுப்பு ஒன்றை இடப்பக்கத்தில் வைத்திருப்பார்கள். கட்டையின் விசையை மிடி மொழி 0 முதல் 127 வரை உள்ள எண்களால் குறிக்கிறது. சுருதி வளைவுக்கோ 16,384 படிகளை ஒதுக்கியிருக்கிறது. நுண்மைக்குக் குறைவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். குறை உறுப்பின் வடிவத்தில்தான் இருக்கிறது. சிலவற்றில் அது உருளும் சக்கரம். சிலவற்றில் சிறு நெம்புகோல். சிலவற்றில் விரலைத் தேய்க்கும் பட்டை. இன்னும் சிலவற்றில் வெறும் இரண்டு பொத்தான்கள். பொத்தானால் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம், அசைக்க முடியாது. தோடியின் காந்தாரத்தைப் பொத்தானில் தேடுவது வீண் முயற்சி. அன்றியும், சாதாரண அமைப்பில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் இவ்வுறுப்பு ஒருசேர இழுத்து விடும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வளைவு தரும் 'எம்.பி.இ.' என்னும் முறை 2018-இல்தான் மிடி தரத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கென்று செய்த கருவிகள் நம் நண்பரின் நானூறு வெள்ளிக்குள் அடங்குவன அல்ல. 2009-இல் வெளிவந்த 'டில்லி 6' படத்தின் பாடல் ஒன்றில் ஏ.ஆர். ரகுமான், கட்டைகளே இல்லாத வழுவழுப்பான பரப்பைக் கொண்ட 'கண்டினுவம்' என்னும் கருவியை வாசித்தார். அது வசதி படைத்தோருக்கான வழி.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அது அவர் வீட்டிலேயே இருக்கிறது. டேப்லெட்டின் கண்ணாடித் திரைக்குக் கட்டை ஏது? விரல் எங்கும் வழுக்கிச் செல்லலாம். 'ஜியோஷ்ரெட்' என்னும் செயலி இந்த உண்மையின் மேல் எழுந்தது. திரையில் விரலை இழுத்தால் சுருதியும் தொடர்ந்து வழுக்கும். விரல் நிற்கும் இடத்தில் சரியான சுரத்தோடு ஒட்டிக் கொள்ளவும் செய்யும். மகேஷ் ராகவன் என்னும் இசைக்கலைஞர் அச்செயலியைக் கொண்டு ஐபேடிலேயே கருநாடக இசையைக் கமகத்தோடு வாசித்துப் பலர் கவனத்தையும் ஈர்த்தவர். ஐபேடுக்கென 2011-இல் வெளிவந்த 'கராஜ்பேண்ட்' செயலியிலும், திரையில் தோன்றும் கீபோர்டை, விரல் நகரச் சுருதி நகரும்படி அமைத்துக் கொள்ளலாம். ஆகவே நாம் நண்பருக்குச் சொன்னது இதுதான்: "தம்பி, ராகத்தைக் கண்ணாடியிலே வாசிங்க. கீபோர்டை அதுக்காக வாங்காதீங்க."

அப்படியானால் கீபோர்டு எதற்கு? தாளத்துக்கும், பின்னணியில் நிற்கும் சுரக்கூட்டுக்கும். கண்ணாடி இங்கே தோற்றுப் போகிறது. அதில் தட்டினால் மெதுவாகத் தட்டினோமா ஓங்கித் தட்டினோமா என்பதை அது செம்மையாக அறிவதில்லை. விரலுக்கு எதிர்விசையும் கிடைப்பதில்லை. மிடி கீபோர்டில் உள்ள ரப்பர்ச் சதுரங்கள், 'பேட்' என்று சொல்வார்களே, அவை விசையை அறிவன. மேளம் அடித்துப் பழகிய கைக்கு அவையே உறவு. நம் நண்பர் பியானோ கற்றவர் அல்லர். அவர் விரல்கள் அறிந்தது அடி. எனவே அவர் கேட்ட இருபத்தைந்தா முப்பத்தேழா என்னும் கேள்வியை விட, பேட் எத்தனை, அவை எப்படி என்பதே அவருக்கு உரிய கேள்வி. எட்டு இருந்தால் போதும்.

உறுமியைப் பற்றி ஒரு சொல் இங்கே சொல்ல வேண்டும். அதன் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் உறுமலே அதற்குப் பெயர் தந்தது. அடியைப் பேட் வாங்கிக் கொள்ளும், தேய்ப்பை வாங்காது. ஆகவே பக்கத்தில் சுருதி வளைக்கும் நெம்புகோலோ பட்டையோ இருத்தல் வேண்டும். பதிவு செய்த உறுமல் ஒன்றை ஒரு பேடில் ஏற்றி, வலக்கையால் அடித்துக்கொண்டு இடக்கையால் வளைத்தால் உண்மை ஒலிக்கு அருகில் வரலாம். அருகில்தான், தோலின் உயிர் அதில் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்று: அடித்ததை இயந்திரக் கணக்குக்கு நேராக்கி விடும் வசதி எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. அதை நிறுத்தி வைப்பது நலம். உறுமிக்காரரின் கை சற்றே முந்துவதும் பிந்துவதும் பிழை அல்ல.

அடுத்தது மின்சாரம். இதில் நாமே ஒரு முறை ஏமாந்தோம். விளக்குகள் பளிச்சிடும் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து பழைய ஐபேடில் இணைத்தபோது, இக்கருவி அதிக மின்சாரம் கேட்கிறது என்று திரையில் எழுத்து வந்ததே தவிர ஒரு சுரமும் வரவில்லை. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சிறிய கீபோர்டுகளுக்குப் பொதுவாகத் தனி மின்கலம் கிடையாது, டேப்லெட்டிடமிருந்தே குடிக்கும். 'லைட்னிங்' துளை உள்ள ஐபேடானால், சார்ஜரையும் சேர்த்துச் செருகக்கூடிய கேமரா இணைப்பான் தேவை. அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடிலிருந்து சாதாரண ஐபேடிலும் 'யு.எஸ்.பி.-சி' துளை வந்துவிட்டதால் தொல்லை குறைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட் உடையவர்கள், அது 2015-இல் வந்த ஆறாம் பதிப்புக்குப் பிற்பட்டதா என்று பார்த்துக் கொள்ளட்டும். மிடி வசதி அதில்தான் சேர்ந்தது.

பெயர்களைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் விட மாட்டார்கள். ஆக்காய் 'எம்.பி.கே. மினி'-யில் இருபத்தைந்து கட்டை, எட்டு பேட், சிறு நெம்புகோல் உண்டு. நோவேஷன் 'லாஞ்ச்கீ மினி'-யின் மூன்றாம் பதிப்பில் பதினாறு பேடும் தொடுபட்டைகளும் உண்டு. ஆர்டூரியா 'மினிலேப்' எட்டு பேடும் தொடுபட்டைகளும் கொண்டது. கோர்க் 'நானோகீ 2' மெலிதானது, எடை இல்லாதது. ஆனால் அதில் பேட் இல்லை, வளைப்பதும் பொத்தானால்தான். எழுதி வைத்த மெட்டைச் சுரம் சுரமாகப் பதிவதற்கு அது போதும். நம் நண்பருக்குப் போதாது.

கடைக்குப் போகும்போது டேப்லெட்டையும் அதன் இணைப்பானையும் கையோடு கொண்டு போக வேண்டும். அங்கேயே இணைத்துப் பார்க்கலாம். ஒரு பேடின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெல்லத் தட்டிப் பாருங்கள். மூலையில் ஒலி வராத பேடுகள் உண்டு. இரு விரலால் விரைவாக உருட்டி அடியுங்கள். அடிகள் விழுங்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். வளைக்கும் உறுப்பை விட்டதும் சுருதி பழைய இடத்துக்கு ஒழுங்காகத் திரும்ப வேண்டும். பழைய கருவியை வாங்குவோருக்கு இச்சோதனை இரட்டிப்பு அவசியம்.

நண்பர் ஒரு சனிக்கிழமை ஃபெரியேறி ஜார்ஜ்டவுனுக்குப் போய், எட்டு பேடும் நெம்புகோலும் உள்ள ஒன்றை வாங்கி வந்தார். மறுநாளே தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, அடிக்கிறது ஒரு நேரம், கேட்கிறது ஒரு நேரமா இருக்கு" என்றார். குற்றம் கீபோர்டில் இல்லை. அடுத்த வீட்டாருக்குத் தொல்லை வேண்டாமே என்று கம்பியில்லாத புளூடூத் காதணியைப் போட்டுக் கொண்டு வாசித்திருக்கிறார். அவ்வகைக் காதணியில் ஒலி தாமதித்தே வரும். பாட்டுக் கேட்கும்போது தெரியாத அந்தத் தாமதம், தாளம் அடிக்கும்போது கையைத் தடுமாறச் செய்யும். கம்பியுள்ள காதணியை மாட்டச் சொன்னோம். அன்றிரவு பதினோரு மணிக்கு உறுமி அடித்து அனுப்பினார்.